காலருக்கு வெட்டிய எக்ஸ்ரே

“பழைய படம் எங்கே?” எக்ஸ்ரே எடுப்பவள் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

தையல்காரன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார்.

“அது வந்து... காலர் ஆயிடுச்சுங்க.”

“என்ன ஆயிடுச்சு?”

“டாக்டர்தான் பாத்துட்டாரே, இனிமே எதுக்குன்னு... துணி மேல வச்சு காலர் வரையற அளவு அட்டையா வெட்டிட்டேன். கிழியாது, நல்லா நிக்கும்.”

“உங்க அப்பா நெஞ்சை வெட்டியா சட்டை தைக்கிறீங்க?”

அவனுடைய பெரிய கண்கள் சட்டென்று தாழ்ந்தன. மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அதிகமாகச் சொல்லிவிட்டோமோ... ஆனால் அவளுக்கும் கவலைதான். பெரியவரின் நுரையீரலில் ஒரு நிழல். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். நிழல் சுருங்கியிருந்தால் மாத்திரை போதும், இல்லையென்றால் ஆபரேஷன். பழைய படம் இல்லாமல் எதை வைத்துச் சொல்வது?

“ரோஷக்காரன்மா,” என்றார் பெரியவர். “உப்பு கம்மின்னு சொன்னாக்கூட ரெண்டு நாள் பேசமாட்டான்.”

“நீங்க பேசாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், இப்ப விடலாம்.”

அரை மணி நேரத்தில் அவன் திரும்பி வந்தான். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிளாஸ்டிக் பையில் இருந்த ஏழு துண்டுகளில் மட்டும் ஈரமே இல்லை.

“ஒண்ணு பக்கத்துக் கடைக்கு இரவல் போயிருந்துச்சு. அதான் லேட்டு.”

விளக்குப் பலகையில் இருவரும் துண்டுகளை ஒட்டினார்கள்.

“அது தலைகீழ்.”

“துணின்னா எனக்குத் தெரியும். விலா எலும்புக்கு நேர் எது?”

விரல்கள் ஒருமுறை உரசின... இருவருமே கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

புதுப் படத்தைப் பக்கத்தில் மாட்டியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் டாக்டர் சொல்லும் முன் அவள் சொல்லக் கூடாது. முகமும் சொல்லக் கூடாது. எதையும் காட்டாமலிருக்க வருடக்கணக்காய்ப் பழகிய முகம் அது.

“எதாவது சொல்லுங்களேன்...”

“டாக்டர் சொல்வார்.”

“கல்லு மாதிரி நிக்கிறீங்க.”

உள்ளே அவள் குதித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “பாதிக்கு மேல சுருங்கிடுச்சு. ஆபரேஷன் வேண்டாம். மூணு மாசம் கழிச்சு அடுத்த படம். ஆமா, நுரையீரல்ல பதினஞ்சரைன்னு எழுதியிருக்கே, என்ன அது?”

“கழுத்தளவு, டாக்டர்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே போனார். பெரியவர் சட்டை மாற்றத் திரைக்குப் பின்னால் போனார்.

“அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.” அவள் குரல் இறங்கியது. “நெஞ்சை வெட்டினீங்கன்னு சொன்னது தப்பு.”

“கோவமாத்தான் ஓடினேன். திரும்பி வர்றப்போ கோவத்தைக் காணோம்... உங்களைப் பாக்கப் போறோம்கிறதுதான் இருந்துச்சு.” அவன் காலிப் பையை மடித்தான். “மூணு மாசம் ரொம்ப தூரங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்க மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியல... வேண்டாம்னா சொல்லிடுங்க.”

படத்தில் இருப்பதைத்தானே சொல்லக் கூடாது... மனசில் இருப்பதைச் சொல்லக் கூடாதென்று எந்த விதியும் இல்லையே. அவன் அசையாமல் நின்றிருந்தான். வருடக்கணக்காய்ப் பழகிய முகம் மெல்ல அவிழ்ந்து சிரித்தது.

“எனக்கும் பிடிச்சிருக்கு,” என்றாள். “இப்ப மூச்சை விடலாம்.”