தேர்னாவின் அடியில் நின்ற தண்ணீர்

“என் படகு ஒழுகுதாம்.”

சொல்லிக்கொண்டே குட்ரி அடுக்களைக்குள் வந்துவிட்டாள். காலணியை வாசலில் கழற்றவும் மறந்திருந்தாள்.

போர்கில்ட் காப்பிக் கெண்டியை இறக்கி வைத்தார். படகுக் காப்பீட்டுச் சங்கத்தில் வாழ்நாளெல்லாம் நஷ்ட ஈட்டு மனுக்களை விசாரித்து ஓய்வு பெற்றவர் அவர். எதிரே வாஃபிளின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியை அடுக்கிக்கொண்டிருந்த தாரால்ட், அவருடைய கணவரின் தம்பி. பேக்கரியை மகளிடம் ஒப்படைத்ததிலிருந்து, போர்கில்ட் எங்கே துப்புத் துலக்கப் போனாலும் கூடவே கிளம்பிவிடுவார்.

“யார் சொன்னது?”

“ஹல்வார்தான். காப்பீட்டுக்குப் படகப் பாக்க இன்னிக்குக் காலைல வந்தாரு. உள்ள மிதி பலகை முங்கற அளவு தண்ணி. ‘அடி போயிடுச்சு, முழுக் காப்பீடு தர முடியாது. நீ யார் மேலயாவது இடிச்சா அவங்களுக்குக் கொடுக்கற காப்பீடு மட்டும்தான்’னு எழுதிட்டாரு.”

“எப்ப தண்ணில இறக்கினே?”

“மூணு வாரமாச்சு. முதல்ல ஒழுகத்தான் செஞ்சுது. குளிர்காலம் பூரா கரையில காஞ்ச பலகை, தண்ணியக் குடிச்சு ஊதினாதானே இடுக்கு மூடும்? மூடிக்கிச்சு. நேத்து சாயங்காலம் அடியில கை வச்சுப் பாத்தேன், ஈரமே இல்ல.”

“அந்தச் சின்னக் காப்பீடு போதாதா?” என்றார் தாரால்ட்.

“முழுக் காப்பீடு இல்லாம தீவுகளுக்கு ஆள் ஏத்த அனுமதி தரமாட்டாங்க. நாளைக்குக் கடைசி நாள். மீன் ஆலை வேலைய விட்டுட்டு மூணு வருஷமா அதையே இழைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இனி வித்துட்டு ஆலைக்கே திரும்ப வேண்டியதுதான். வாங்கறதுக்கு ஐவின் தயாரா நிக்கிறான்.”

“ஐவினா? அப்ப முடிஞ்சுது. வாங்க, போய்ப் பிடிப்போம்.”

“வாயில இருக்கறத முதல்ல முழுங்கு, தாரால்ட்.”

போர்கில்ட் தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து மேசைவரை மஞ்சள் காலடிகள்.

“ஐயோ, மன்னிச்சுக்குங்க. பைன் மரத்துப் பூந்தூள். ஒரு வாரமா துறை முழுக்க அதுதான்.”

“இருக்கட்டும். தண்ணிய எடுத்துட்டியா?”

“கை வரல. அப்படியேதான் கிடக்கு.”

“நல்லது. காலணியக் கழற்றாதே, கிளம்பலாம்.”

ஸ்தோல்விகாவின் சிறு துறையில் மூன்றே படகுகள்: குட்ரியின் தேர்னா, ஐவினின் பழைய மரப்படகு, ஒட்வரின் வெள்ளை ஃபைபர் படகு. தீவுகளுக்கு ஆள் ஏற்றிப் போவது இதுவரை ஒட்வர் ஒருவர்தான். இரவில் துறையின் கதவைப் பூட்டிவிடுவார்கள். சாவி இந்த மூவரிடம் மட்டும்.

தேர்னாவைப் போர்த்திய கித்தான்மீது மாவு சலித்ததுபோல் மஞ்சள் தூள் படிந்திருந்தது. துறைப் பலகைகளும் மஞ்சள்தான். குழாயடியிலிருந்து தேர்னாவரை ஒரு முழ அகலம் மட்டும் பளிச்சென்று கழுவிவிட்டதுபோல் கிடந்தது.

கித்தானை விலக்கினார்கள். காலையில் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஹல்வார் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார். இப்போதும் தண்ணீர் அந்தக் கோட்டில்தான் நின்றது. போர்கில்ட் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“சீ, என்ன கருமம் இது” என்றார் தாரால்ட்.

“போய் ஹல்வாரைக் கூட்டிட்டு வா. ஐவின், ஒட்வர் ரெண்டு பேரையும்தான். படகைக் காலி பண்ண ஆள் வேணும்னு சொல்லு.”

அரைமணியில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நால்வர் கை மாற்றித் தண்ணீரை இறைத்தார்கள். ஒட்வர் மட்டும் வாயை மூடவில்லை.

“எதுக்கு இந்தப் பாடு, குட்ரி? அடுப்புல போடு. காப்பியாவது கொதிக்கும்.”

“உன் படகைப் போட்டா நாத்தம்தான் வரும்” என்றான் ஐவின்.

அடி தெரிந்ததும் போர்கில்ட், “ஒரே கசடா இருக்கே. யாராவது கொஞ்சம் கழுவி விடுங்களேன்” என்றார்.

ஐவின் வாளியை எடுத்துக் கடலுக்குள் விட்டான். “வாளியாலயா? விடிஞ்சுடும்” என்று ஒட்வர் தன் படகிலிருந்த ரப்பர் குழாயை இழுத்துவந்து துறைக்குழாயில் மாட்டித் திறந்தார்.

“யோவ், நிறுத்துய்யா! நல்ல தண்ணிய விடறியே!” என்று கத்தினான் ஐவின்.

“தண்ணிதானேப்பா.”

“மூடு, ஒட்வர்” என்றார் போர்கில்ட். குரல் உயரவில்லை. ஆனாலும் ஒட்வர் மூடினார்.

“ஹல்வார், உங்க கோட்டைக் கவனிச்சீங்களா? ஒழுகற படகுல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும். காலைலேர்ந்து ஒரு விரல்கூட ஏறல. அதோட அந்தத் தண்ணில உப்பே இல்ல. கடல்லேர்ந்து கசிஞ்சு வந்தது எப்படி உப்பில்லாம இருக்கும்?”

“மழைத் தண்ணியா இருக்கலாமே?” என்றார் ஹல்வார்.

“மழை பெஞ்சிருந்தா கித்தான் மேல இந்த மஞ்சள் நிக்குமா? குழாயடியிலேர்ந்து தேர்னாவரைக்கும் பலகையில மட்டும் அது இல்ல. ராத்திரி யாரோ ரப்பர் குழாயை இழுத்துட்டுப் போயிருக்காங்க. வழியெல்லாம் ஒழுகியிருக்கு.”

தாரால்ட் குதித்தார். “நான்தான் அப்பவே சொன்னேனே! மலிவா வாங்க ஐவின் பண்ண வேலை.”

“நானா?” என்றான் ஐவின்.

“அவன் இல்ல” என்றார் போர்கில்ட். “கடல் தண்ணி மரத்தைக் காப்பாத்தும், நல்ல தண்ணி அழுக வைக்கும். தனக்கு வேணும்னு ஆசைப்படற படகுக்குள்ள மரப்படகுக்காரன் எவனும் குழாய்த் தண்ணிய விடமாட்டான். இவன் செஞ்சிருந்தா கடல்லேர்ந்து மொண்டு ஊத்தியிருப்பான். நானும் கொஞ்சம் திண்டாடியிருப்பேன். சாவி மூணு பேர்கிட்ட. குட்ரிக்கும் ஐவினுக்கும் இது தெரியும். தெரியாத ஒருத்தர்தான் இப்ப கையில குழாயோட நிக்கிறாரு.”

ஒட்வர் கையைப் பார்த்தார். குழாயைக் கீழே போடத் தோன்றாமல் நின்றார்.

“ரெண்டு படகுக்கு இங்க ஆள் எங்க இருக்கு?” என்றார் கடைசியில். “படகை ஒண்ணும் உடைக்கலையே. ஒரு நாள் தண்ணி.”

“போலீசுக்குச் சொல்லிடலாமா?” என்று தாரால்ட் ஆவலோடு கேட்டார்.

குட்ரி படகிலிருந்து ஏறிவந்து வாளியை ஒட்வரின் கையில் திணித்தாள். “அதை அப்புறம் யோசிப்போம். முதல்ல கடல் தண்ணியால கழுவு. பலகை பலகையா. நான் நக்கிப் பாத்தா உப்புக் கரிக்கணும்.”

ஹல்வார் தன் அறிக்கையைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். “நானும் தொட்டுப் பாத்திருக்கணும்” என்று முனகினார். “சரி, முழுக் காப்பீடு போட்டுடலாம். சந்தை விலைக்கா? அதுக்குத்தான் வருஷா வருஷம் கட்டற பணம் குறைவு.”

“வேண்டாம்” என்றார் போர்கில்ட். “சேதம் ஆனபிறகு சந்தை விலைய நீங்கதான் சொல்லுவீங்க. எண்பது வயசுப் படகுக்கு விறகு விலைதான் வரும், எத்தனை பேர் அழுது பாத்திருக்கேன். குட்ரி, மதிப்ப இன்னிக்கே பேசி, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு எழுதற காப்பீடா வாங்கு. அழுகல் அதுல சேராது, அது உன் பொறுப்பு. அதனால குழாயடிக்கு ஒரு பூட்டும் வாங்கு.”

ஹல்வார் பேனாவைத் திறந்தார். “மதிப்பு என்னன்னு போடட்டும்?”

குட்ரி ஐவின் பக்கம் திரும்பினாள். “போன வாரம், படகு ஒழுகறதுக்கு முன்னாடி, நீ எவ்வளவுக்குக் கேட்டே?”

ஐவின் சொன்னான். சொல்லிவிட்டுக் கழுத்தைச் சொறிந்தான். “ஆனா குட்ரி, அது… பாதி விலைக்குத்தான் கேட்டேன்.”

“ரெண்டு மடங்காப் போடுங்க, ஹல்வார்” என்றாள் குட்ரி.