தூங்கும் மொட்டு

அக்காவின் இடது கையை மடக்கி வயிற்றின்மேல் வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுத்தான் சின்னவள் குளிக்கப் போனாள். தலையைத் துவட்டியபடி திரும்பி வந்தபோது அந்தக் கை போர்வைக்கு வெளியே, தோளுக்கு நேராக, கட்டில் விளிம்பையும் தாண்டி விறைப்பாக நீண்டிருந்தது. பக்கவாதம் வந்து படுத்த நாளிலிருந்து அக்காவால் அசைக்க முடிந்தது கண்களை மட்டும்தான்.

"அத்தான், அக்கா கையை நீங்களா எடுத்து வெளியே வச்சீங்க?"

ஜன்னலுக்கு வெளியே கத்தரிச் சத்தம் நின்றது. "நான் இங்கதானேம்மா இருக்கேன். நரம்பு இழுத்திருக்கும்." மறுபடியும் நறுக், நறுக்.

பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் யாரும் நிலைக்கவில்லை என்று அத்தான் போனில் சொன்னதும் சின்னவள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. ஊட்டிவிடுவார், துடைத்துவிடுவார், முகம் சுளித்ததில்லை. பழப்பண்ணையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். மிச்ச நேரம் முழுக்க ஜன்னலோரத்துப் பேரிக்காய் மரத்தோடுதான். அக்காவின் அறையின் வெளிச்சுவரில் கம்பிகள் இழுத்து, மரத்தை அதோடு ஒட்டவைத்து வளர்த்திருந்தார். நடுவில் ஒரு தண்டு. இருபுறமும் வரிசை வரிசையாகக் கிளைகள், துணிக் கீற்றால் கம்பியோடு கட்டப்பட்டு, சப்பையாக, ஒன்றுகூட முன்னால் நீட்டிக்கொள்ளாமல். வாய் பேச முடிந்த காலத்தில் அக்கா அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

அன்று மத்தியானம் தேநீரோடு போனவளிடம் அத்தான் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"மேல போக விட்டா வீம்புக்கு உசரமாகும், அவ்வளவுதான். தலையைக் கிள்ளிட்டு, படுக்க வச்சுக் கட்டணும். அசையாம கிடக்கிற கிளையிலதான் புதுசு வரும்." ஒரு கிளையின்மேல் கட்டைவிரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க பாரு, சின்னதா முண்டு. தூங்குற மொட்டு. வருசக்கணக்கா தூங்கும். அதுக்குக் கொஞ்சம் மேல பட்டையை ஒரு கீறு கீறிட்டா போதும், முழிச்சுக்கும்."

கத்தி முனை பதிந்தது. பச்சை வாடை குப்பென்று எழுந்தது.

"கல்யாணமாகி இத்தனை வருசத்துல உங்க அக்காகிட்ட ஒண்ணும் துளிர்க்கலைன்னு எத்தனை பேர் பேசினாங்க," என்றார், கீறலைப் பார்த்தபடியே. "பொறுமை இல்லாத ஜனங்க."

சின்னவள் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மருந்தும் டெட்டாலும் மணக்க வேண்டிய அறையில் அதே வாடை. அறுத்த தண்டின் வாடை.

சாயங்காலம் எண்ணெய் தேய்க்கும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. அக்காவின் முன்கைத் தோலுக்கடியில் மிளகளவில் ஒரு முண்டு. சற்றுத் தள்ளி இன்னொன்று. இன்னொன்று. அழுத்தினால் நழுவவில்லை, எலும்பிலிருந்தே கிளம்பியதுபோல் நின்றது. சின்னவளின் விரல்கள் எண்ணெயில் அப்படியே நின்றுவிட்டன. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

"கொழுப்புக் கட்டிம்மா," என்றார் அத்தான், வாசற்படியில் நின்றபடி. எப்போது வந்தார்? "தொடாம விடு. கலைச்சிடாதே."

கசக்கிடாதே என்றுதான் சொல்லியிருப்பார் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் அக்காவுக்கு முழுக்கைச் சட்டை போட்டிருந்தது. "குளிருது அவளுக்கு," என்றார். அதற்கடுத்து வந்த நாட்களில் குளிப்பாட்டுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். அறைக்கதவு சாத்தியே இருந்தது. இரண்டு கைகளும் இப்போது இருபுறமும் நீண்டுவிட்டதைப் போர்வையின் வடிவிலிருந்தே பார்க்க முடிந்தது. மடக்கப் போனால் மடங்கவில்லை.

அவர் மருந்து வாங்கக் கிளம்பிய ஒரு மத்தியானம் சின்னவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். முகவரியைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அறைக்குள் போய்த் தாழிட்டாள்.

"அக்கா, பயப்படாதே. கிளம்பறோம்."

போர்வையை விலக்கினாள். சட்டைக் கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டுக்குக் கீழே ஒரு மூங்கில் குச்சி. முழங்கைவரை. துணிக் கீற்றால், இதமாக, இரத்தம் கட்டாதபடி கட்டியிருந்தது.

கட்டுகளை அவிழ்த்தாள். விரல்கள் வழுக்கின.

குச்சி விழுந்தது. கை விழவில்லை. காற்றில் அப்படியே நின்றது.

ஒவ்வொரு முண்டுக்கும் சற்று மேலே ஒரு கீறல். சுத்தமாக. பிறை வடிவில். ஆறியவை சில. ஈரமானவை சில.

முழங்கைக்குப் பக்கத்தில் பஞ்சு வைத்து மூடியிருந்தது. அக்காவின் கண்கள் இடமும் வலமுமாக ஓடின. வேண்டாம். வேண்டாம்.

சின்னவள் பஞ்சை எடுத்தாள்.

விரல். இளஞ்சிவப்பாக, ஈரமாக, நகம் முளைக்காத ஒரு சின்ன விரல்.

அது அசைந்தது. எதையோ தேடியது. சின்னவளின் சுண்டுவிரலைத் தொட்டது. பிறந்த குழந்தை பற்றிக்கொள்வதுபோல், வளைந்து, இறுக்கமாகப் பற்றிக்கொண்டது.

ஜன்னல் கம்பிகளுக்கு வெளியிலிருந்து, பேரி இலைகளை விலக்கிக்கொண்டு, அத்தானின் குரல் தாழ்ந்து வந்தது.

"இழுக்காதேம்மா. இளசு. ஒடிஞ்சிடும்."