சோப்ளாங்கி பிறந்த இடம்

ஆறாம் வகுப்பு ஆனந்திக்கு வாய் கொஞ்சம் நீளம். கோ-கோ அணிக்கு அவள்தான் தலைவி.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில், விளாத்திகுளத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த மணிராஜை ஓட விட்டாள். கம்பத்தில் திரும்பும்போது அவன் சறுக்கி விழுந்தான். அணி தோற்றது.

“ஏலே சோப்ளாங்கி!” என்று கத்தினாள் ஆனந்தி.

வகுப்பே சிரித்தது. மத்தியானத்துக்குள் மணிராஜ் என்ற பெயரே எல்லாருக்கும் மறந்துவிட்டது.

அந்தச் சொல் உமாதேவி டீச்சர் காதிலும் விழுந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

“எங்க தாத்தா காலத்துச் சொல்லாச்சே! ஆனந்தி, நாளைக்குக் காலைக் கூட்டத்துல ‘தினம் ஒரு சொல்’ உன் முறைதான? இதையே சொல்லு. பொருள் என்ன, எங்க பிறந்ததுன்னு விசாரிச்சுட்டு வா.”

மாலையில் மணிராஜ் அவளைப் பள்ளி வாசலில் நிறுத்தினான்.

“நாளைக்கு அதைச் சொன்னா பள்ளிக்கூடம் பூரா என்னைய அப்படித்தான் கூப்பிடும். நான் விளாத்திகுளத்துக்கே திரும்பிப் போயிருவேன்.”

அவன் கண் கலங்கியிருந்தது. ஆனந்திக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

மளிகைக்கடை காசிராஜன் அண்ணாச்சியிடம் கேட்டாள்.

“சோப்ளாங்கின்னா தெம்பில்லாதவன். மெட்ராஸ்ல பிறந்திருக்கும். இந்த மாதிரிச் சொல்லெல்லாம் அங்கனதான் பிறக்கும்” என்றார், மெட்ராஸையே பார்க்காத அண்ணாச்சி.

அடுத்து, அம்மா செண்பகவல்லி வேலை பார்க்கும் கடலைமிட்டாய்ப் பட்டறைக்குப் போனாள். அம்மா ஒரு மிட்டாயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒடியவில்லை, வளைந்தது.

“யாருட்டி இந்தச் சோப்ளாங்கியைச் செஞ்சது?”

ஆனந்தி திடுக்கிட்டாள். ஆனால் யாரும் மிட்டாயைப் பார்க்கவில்லை. பாகு பதம் வருமுன்னே சட்டியை இறக்கிய காளீஸ்வரி அக்காவைத்தான் பார்த்தார்கள்.

“பஸ்சுக்கு நேரமாச்சேன்னு அவசரப்பட்டுட்டேன்க்கா” என்று அசடு வழிந்தாள் காளீஸ்வரி.

“இனிமே இதை என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டாள் ஆனந்தி.

“திரும்ப அடுப்புல ஏத்துவோம். வேறென்ன?”

மறுநாள் காலைக் கூட்டத்தில் மணிராஜ் கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்றான். ஆனந்தி ஒலிபெருக்கி முன் வந்தாள்.

“சோப்ளாங்கின்னா தெம்பில்லாதவர். எங்க பிறந்ததுன்னு யாருக்கும் சரியாத் தெரியல. எங்கம்மா பட்டறையில பதம் வராத மிட்டாய்க்கு அந்தப் பேரு. ஆனா திட்டு மிட்டாய்க்கு இல்ல, அவசரப்பட்டவங்களுக்குத்தான்.”

கடைசி வரிசையைப் பார்த்தாள்.

“நேத்து ஒருத்தரை ஒரு நாள்கூடப் பழக்காம நான் ஓட விட்டேன். அதனால சோப்ளாங்கி நான்தான்.”

பள்ளிக்கூடமே சிரித்தது. கடைசி வரிசையும் சிரித்தது.

மாலையில் மணிராஜ் மைதானத்துக்கு வந்தான்.

“ஏட்டி சோப்ளாங்கி, கம்பத்துல எப்படித் திரும்பணும்?”

ஆனந்தி முறைத்தாள். பிறகு சொல்லிக்கொடுத்தாள்.