பதினான்காம் வளைவில் இரண்டு விளக்குகள்

தேர்தல் அறிவித்தால் ஏழு நாளுக்குள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். தாளவாடி மேட்டில் காட்டோரம் குடியிருக்கும் எங்களுக்கு இது ரேஷன் கார்டு புதுப்பிப்பது மாதிரியான வேலை. துப்பாக்கியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வண்டியின் பின்பக்கம் போட்டு, மாலை ஐந்து மணிக்குள் சத்தியமங்கலம் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். நான் வழக்கம்போலக் கடைசி நாளில்தான் கிளம்பினேன்.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சர்வேஷிடம் ஒரு பாட்டம் கத்தினேன். சத்தியில் இருக்கும் தன் தங்கைக்குக் கேழ்வரகு கொடுத்துவிடுகிறேன் என்று டப்பாவுக்கும் பைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். பையைப் பிடுங்கிப் பக்கத்து இருக்கையில் வீசிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் கத்துவதற்கு அவர் பழகிவிட்டார். இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறார் அல்லவா.

திம்பம் மலைப்பாதையின் பதினான்காம் வளைவில் வண்டி தானாகவே ஓரங்கட்டி நின்றது. தும்பி இறங்கி முன்கண்ணாடிக்கு எதிரே மிதந்தது. டிரோன் என்று சொல்வதை நாங்கள் விட்டு வெகு காலமாகிறது. அதன் வயிற்றில் இரண்டு விளக்குகள் எரிந்தன. இடது விளக்கு எனக்கு, வலது விளக்கு காவலருக்கு. இரண்டும் சிவப்பு. மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம் என்று தும்பி அறிவித்தது. கெடு இருபது நிமிடம்.

இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் விரித்து வைத்தேன். உரிம வகுப்பில் முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். பத்தடி தள்ளிக் காவலர் நின்றார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவரும் இரண்டு உள்ளங்கைகளையும் எனக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.

“வணக்கங்க்கா. நான் நிதர்சன், காவலர். நீங்க சொல்லுங்க்கா.”

மனப்பாடமாகச் சொன்னேன். “என் பெயர் தன்ஷிகா. வண்டியில் உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று இருக்கிறது. குண்டு போடவில்லை. பின்பக்கம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. என் கைகள் உங்களுக்குத் தெரிகின்றன.”

“தெரியுதுங்க்கா. என்ற கையில எதுவும் இல்லீங்க.”

அவர் கையில் மட்டுமல்ல, இடுப்பிலும் எதுவும் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே போலீஸ் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டது. இப்போது ஆயுதம் இருப்பது பன்றி விரட்டும் எங்களிடம் மட்டும்தான். அதனால்தான் இந்த இணைவிளக்குச் சட்டம். தும்பியின் நெஞ்சொலிமானி இருவருடைய இதயத்தையும் கேட்கும்; துடிப்பு அடங்கினால் அவரவர் விளக்கு பச்சையாகும். இரண்டு விளக்கும் பச்சைக்கு வரும்வரை யாரும் கையை நகர்த்தக் கூடாது, நெருங்கக் கூடாது. பேசலாம். இருபது நிமிடத்தில் பச்சை விழாவிட்டால் உரிமம் ரத்து.

உரிமம் போனால் நிலமும் போகும். பயிர்க்காவல் உரிமம் உள்ள குடும்பம்தான் காட்டோரத்தில் இருக்கலாம். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு வருடம் முன்பு அப்படித்தான் காலி செய்துகொண்டு போனார்கள். இப்போது கோவையில் பத்தொன்பதாவது மாடியில் இருக்கிறார்கள்.

என் விளக்கு எப்போதுமே தாமதமாகத்தான் பச்சையாகும். எனக்கு இருப்பது பயம் இல்லை, கோபம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத யந்திரம் அது என்று வகுப்பிலேயே சண்டை போட்டிருக்கிறேன். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். வளைவில் திரும்பும்போது பை சரிந்து வாய் திறந்திருந்தது. கேழ்வரகுக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு தோட்டாவின் முனை எட்டிப் பார்த்தது.

மேட்டில் வருடத்தில் பாதி நாள் மூடுபனி. தோட்டா நமுத்துப் போகாமல் இருக்க எல்லா வீட்டிலும் கேழ்வரகு டப்பாவுக்குள் புதைத்து வைப்போம். நான் போட்ட சத்தத்தில் மனுஷன் மேலாக அள்ளாமல் அடியோடு கவிழ்த்துவிட்டார். பின்னால் துப்பாக்கி, கைக்கெட்டும் தூரத்தில் தோட்டா. சட்டப்படி இது குற்றம்.

காகித உறை போட்ட தோட்டா தும்பிக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் என் விளக்கு சிவப்பிலேயே நின்றது. மறைக்க மறைக்க நெஞ்சு தப்புக்கொட்டியது. ஏழு நிமிடம் ஓடிவிட்டது. விளக்கு பச்சையாகும் முன் நாமே சொல்லிவிட்டால் குற்றமில்லை என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. ஆனால் சொன்ன பிறகும் இரண்டு விளக்கும் பச்சைக்கு வந்தாக வேண்டும். அதை நம்பி யார் சொல்வார்கள்?

“தம்பி, ஒண்ணு சொல்லணும். இந்தப் பையில தோட்டா கெடக்குது. இப்பத்தான் பாத்தேன்.”

அதுவரை மஞ்சளுக்கு வந்திருந்த அவர் விளக்கு ஒரே எட்டில் சிவப்புக்குப் போனது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

“அட, நான் என்ன உங்களச் சுடவா போறேன்?” என்று கத்திவிட்டேன்.

இதைவிடக் கேவலமாக ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. இரண்டு விளக்கும் தகதகத்தன. இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்றது தும்பி.

“சத்தம் போடாதீங்க்கா,” என்றார் அவர். “நீங்க கையை மட்டும் எடுக்காதீங்க.”

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். மலைக்காற்று ஜில்லென்று அடிக்கிறது, அந்தப் பிள்ளைக்குச் சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்து ஒருவர் இப்படி வியர்த்துப்போவார் என்று நான் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

“பயமா இருக்குதா தம்பி?”

“இருக்குதுங்க்கா. தோட்டாவை நான் படத்துலதான் பாத்திருக்கறேன்.”

“எனக்கும் பயமாத்தான் இருக்குது,” என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. “நெலம் போயிருமோன்னு பயம். மத்தபடி உங்க மேல ஒரு கோவமும் இல்ல.”

என் விளக்கு மஞ்சளானது. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சையானது. நிதர்சனும் அதைப் பார்த்தார்.

“ஏனுங்க்கா, கேவுருக்குள்ள எதுக்குங்க தோட்டாவைப் போட்டீங்க?”

மூடுபனியைப் பற்றிச் சொன்னேன். நமுத்த தோட்டாவை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி நானும் சர்வேஷும் தகரத்தைத் தட்டியே பன்றிகளை விரட்டியதைச் சொன்னேன். ஒரு பன்றி திரும்பி நின்று எங்களை வேடிக்கை பார்த்ததையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எங்கம்மா தண்ணியில விழுந்த போனை அரிசிக்குள்ள போட்டு வெப்பாங்க. ஒரு தடவ மறந்து அரிசியோட சேத்து ஒலையில போட்டுட்டாங்க.”

“அய்யோ! அப்புறம்?”

“போன் வெந்துருச்சு. சோறு வேகலீங்க.”

கையை எடுக்காமலே இருவரும் சிரித்தோம். பதினெட்டாவது நிமிடத்தில் அவர் விளக்கும் பச்சையானது. தும்பி ஒரு மணி அடித்துவிட்டு மேலே போய்விட்டது.

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதா என்றிருந்தது. நிதர்சன் வந்து கதவைத் திறந்து, பையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் விரித்த துணியில் கொட்டினார். ஆறு தோட்டா. உறையிலிட்டு முத்திரை குத்திப் பின்பக்கம் வைத்தார். கேழ்வரகை ஒரு மணி விடாமல் பையில் அள்ளிப் போட்டுக் கொடுத்தார். முன்கூட்டிச் சொன்னது, குற்றமில்லை என்று பதிவு செய்தார். எனக்கோ கை ஸ்டியரிங்கை விட்டு வரவே இல்லை.

“எடுத்துக்கலாங்க்கா,” என்றார் மெதுவாக.

நாலு நாற்பத்தெட்டுக்கு ரசீது கைக்கு வந்தது. காவல் நிலைய வாசலில் போனை எடுத்தேன். மலைப்பாதையில் சிக்னல் கிடையாது. சர்வேஷ் பதினேழு தடவை கூப்பிட்டிருந்தார். இறங்கிய பதின்மூன்று வளைவிலும் அவரைத் திட்டுவதற்கென்றே வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். “தன்ஷி, அந்தப் பைக்குள்ள…”

“தெரியும் மாமா. ரசீது வாங்கியாச்சு. ஒண்ணும் ஆகல.”

அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு, திட்டு விழட்டும் என்று காத்திருந்தார். சேர்த்து வைத்த வார்த்தையில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை.

“ரொம்பப் பயந்துட்டேன் மாமா.”

“என்ன சொன்ன?”

“பயந்துட்டேன்னேன். கெளம்பும்போது கத்துனதும் அதனாலதான். எத்தனையோ நாளாக் கத்தறதும் அதனாலதான். எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சது.”

அந்தப் பக்கம் பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது.

“எனக்கு மத்தியானத்துல இருந்து சோறு எறங்கலடி,” என்றார். “நீ வா, சேந்து சாப்படலாம்.”