கரும்பலகையில் ஒரு சொல்

இன்பமேரி எழுதிய இங்கிலீஷைப் படிக்க எஸ்டேட் துரை ஜீப்பை நிறுத்தினார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாரா வாரம் பள்ளி வாசல் கரும்பலகையில் எஸ்டேட் செய்தியை இங்கிலீஷில் எழுதுவது அவள் வேலை. இதுவரை ஒரு மாடுகூட அதை நின்று பார்த்ததில்லை. இன்று துரையே பார்க்கிறார். வெள்ளைக்காரர்கள் போய் நம் ஆள் மேனேஜராக வந்த பிறகும், ஏலமலையில் அவர் துரைதான்.

செய்தியும் பெரிய செய்தி. ஏலக்காய் ஸ்டோரில் ஒரு மூட்டையைக் காணோம். ஸ்டோர் வாட்சர், பக்கத்து வீட்டுச் சகாயம் சித்தப்பா. கதவைக் கடைசியாகப் பூட்டியது தான்தான் என்று அவர் அவளிடம் மெதுவாகச் சொல்லியிருந்தார். அதைத்தான் எழுதினாள். ஆனால் 'சொன்னார்' என்பதற்கு எல்லா இடத்திலும் 'செட்' என்றே எழுதினால் இங்கிலீஷ் சாருக்குப் பிடிக்காது. அதனால் தேடிப் பிடித்து, 'சகாயம் கன்ஃபெஸ்டு' என்று போட்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பினால், சித்தப்பா வீட்டு வாசலில் பாய், பானை, தகரப் பெட்டி எல்லாம் கிடந்தன.

"தொரை வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு பாப்பா," என்றார் சித்தப்பா. "பள்ளிக்கூடத்துப் புள்ளகிட்ட சொன்னியான்னு கேட்டாரு. ஆமான்னேன். திருட்ட ஒத்துக்கிட்டவனுக்கு இங்க வேலை இல்லையாம். நான் எப்பம்மா ஒத்துக்கிட்டேன்?"

இன்பமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமை கோயிலில் ஃபாதரிடம் கன்ஃபெஷன் செய்யும்போது எல்லோரும் மெதுவாகத்தானே பேசுகிறார்கள்? மெதுவாகப் பேசுவதற்கு அதுதான் இங்கிலீஷ் என்று நினைத்திருந்தாள். செய்த பாவத்தைச் சொல்லத்தான் அங்கே போகிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. தன் கையெழுத்தால் ஒரு வீடே தெருவுக்கு வந்துவிட்டது.

பையைப் போட்டுவிட்டுப் பங்களாவுக்கு ஓடினாள். துரை வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். படியில் நின்றபடியே சொன்னாள்.

"தொரை, தப்பு எம்மேலதான். சித்தப்பா எதையும் ஒத்துக்கிடல. மெதுவாச் சொன்னாரு, நான் அப்படி எழுதிட்டேன்."

"திருடாதவன் எதுக்கு மெதுவாப் பேசணும்?"

"அவரு தோள்ல புள்ள தூங்குச்சு தொரை."

துரை கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் சிறுத்துப் போனது. பிறகு தானே ஜீப்பை எடுத்து வந்து, பெட்டியை உள்ளே வைக்கும்படி சகாயத்திடம் சொன்னார். காணாமல் போன மூட்டை போடிக்குப் போன லாரியில் தவறி ஏறியிருந்தது பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் கரும்பலகையைப் பார்த்த சார் தலையில் கை வைத்தார். துரை செட், டிரைவர் செட், சகாயம் செட். வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று கேட்டார்.

"கிடைச்சுது சார்," என்றாள் இன்பமேரி. "ஆனா அவங்க எல்லாரும் சும்மா சொல்லத்தான் செஞ்சாங்க."