படுக்காத மஞ்சள் கோடு

கிளாம்ப் போட்டதும் மானிட்டரில் கீழ்க்கோடு படுத்துவிட வேண்டும். இன்று படுக்கவில்லை.

மயக்க மருந்து டாக்டர் மானிட்டரையே பார்த்தார். மேசையில் கிடந்தவரின் பெருந்தமனியைச் சர்ஜன் கிளாம்பால் நெரித்து ஆறு நிமிடம் ஆகிறது. கையிலிருந்து வரும் சிவப்புக் கோட்டில் ரத்த அழுத்தம் வானத்தைத் தொடப் பார்க்கும். சிரிஞ்சை மெல்லத் தள்ளும் பம்ப்பில் ஓடும் மருந்துதான் அதை அடக்கிப் பிடிக்கும். அதற்குக் கீழே, தொடையிலிருந்து வரும் மஞ்சள் கோட்டில் நாடியே இருக்கக் கூடாது. ஆனால் அது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோலக் குதித்துக்கொண்டிருந்தது.

"சார், கீழே நூத்துப் பத்து காட்டுது," என்றாள் சிஸ்டர். "காலு தனியா ஒரு இதயம் வாங்கிடுச்சா?"

"எனக்குத் தெரியாம எவன் உள்ள வச்சான்?" என்றார் சர்ஜன், தலை நிமிராமல். "டாக்டர், உங்க டப்பாவைத் தட்டிப் பாருங்க."

தட்டினார். ஒயரை மாற்றினார். கருகிய சதையின் வாடை முகமூடியைத் துளைத்து ஏற, ஏழு ஊருக்குக் கேட்கும் இரைச்சலோடு ஏசி ஓட, உறிஞ்சு குழாய் கடைசிச் சொட்டுக்காகக் கொரகொரக்க, அவர் கண் மட்டும் அந்தப் பம்ப்பிலேயே போய் நின்றது.

போன மாதம் இதே மேசை. இதே பம்ப். ஒரு பெண். கிளாம்பை எடுத்தால் ரத்தம் கால்களுக்குப் பாய்ந்து அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். அதற்கு முன்பே பம்ப்பை நிறுத்த வேண்டும். அவர் மறந்துவிட்டார். சாவுக்குக் காரணம் 'அதிக ரத்தப்போக்கு' என்று குறிப்பில் எழுதினார். அவளுடைய கணவர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, "உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்க, டாக்டர்," என்றார்.

டாக்டரின் விரல் இப்போது தானாகவே தன் மணிக்கட்டுக்குப் போனது. துடிப்பு. மஞ்சள் கோடு எழுந்தது. துடிப்பு. எழுந்தது. இருமினார். கோடு நடுங்கியது.

"கிளாம்ப் எடுக்கப் போறேன். மருந்தை நிறுத்தியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

பம்ப்பை இரண்டு முறை அணைத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கியிருந்தார். நோயாளியிடமிருந்து குழாயையே கழற்றித் தொங்கவிட்டிருந்தார். பம்ப்பில் விளக்கு இல்லை.

ஆனாலும் அதிலிருந்த சிரிஞ்சின் தண்டு நகர்ந்தது. மெல்ல.

மஞ்சள் கோடு தொண்ணூறு. அவர் பாதம் சில்லிட்டது. எழுபது. முழங்கால்.

"எடுத்துட்டேன்."

சிவப்புக் கோடு கொஞ்சம் சறுக்கி, நிமிர்ந்து நின்றது.

"அடேயப்பா! பாறை மாதிரி நிக்குதே!" சர்ஜன் சிரித்தார். "போன தடவையும் இப்படி இருந்திருந்தா அந்தம்மா இன்னிக்கு நடந்துக்கிட்டிருப்பாங்க."

மஞ்சள் நாற்பது. இருபது. படுத்துவிட்டது.

"சார், இப்பப் போய் கீழ்க்கோடு படுத்திருச்சே," சிஸ்டர் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "ஆனா இவர் காலு நல்லாச் சூடாத்தான் இருக்கு. நாடியும் ஜம்முனு அடிக்குது."

தண்டு முனையைத் தொட்டு நின்றது. சிரிஞ்ச் காலி. தொங்கிய குழாயின் நுனியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. தரையிலும் இல்லை.

டாக்டர் தன் கழுத்தைத் தடவினார். இடப்பக்கம். வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம்.

"என்ன டாக்டர், பேச்சையே காணோம்?"

நின்றுகொண்டுதான் இருந்தார். கண் திறந்தே இருந்தது. கழுத்தில் இரண்டு விரல். விரலுக்கு அடியில் துடிப்பு ஒன்றுமில்லை.