டிராயரில் அதிர்ந்த போன்

அன்று மதியம் இருந்தவர்கள்: நான், எனக்கு மேலதிகாரியான அக்கா, அறைக்கு வெளியே ஸ்டூலில் காவலாளி. நாலாவதாக ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் அது. மெக்கானிக்குகள் ஊரெல்லாம் சுற்றுவார்கள். டேப்லட் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் வந்தால்தான் ஓடும் லிஃப்டை அவர்களால் நிறுத்த முடியும். ஒவ்வொரு முறையும் அவரவர் போனில் 'அனுமதி' அழுத்த வேண்டும். அலுவலக அறைக் கதவுகளின் பூட்டும் அதே அனுமதியில்தான் திறக்கும்.

"கையெல்லாம் கிரீஸ் தம்பி, எவன் போனைத் தொடுறது?" என்று புலம்பினார்கள். எல்லாருடைய அனுமதியையும் என் மேசையில் இருக்கும் அலுவலக மொபைல் போனுக்குத் திருப்பிவிட்டேன். யார், எங்கே என்று பார்க்காமலே அழுத்துவேன்.

பதினாறு நாளைக்கு முன் எனக்கு இரட்டை ஷிஃப்ட். கண் எரிந்தது. போன் அதிர்ந்தது. டிராயருக்குள் தள்ளிவிட்டுத் தூங்கினேன். மூன்று முறை அதிர்ந்தது தூக்கத்திலும் கேட்டது.

மெக்கானிக் குட்டையண்ணன் லிஃப்ட் குழிக்குள் நின்று அனுமதி கேட்டிருக்கிறார். மேலிருந்து லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் தூங்கியது யாருக்கும் தெரியாது. அவர் செத்தது பற்றிய விசாரணைக்காக அக்கா அந்தப் போனைத் தேடி வந்திருந்தார்.

"போனைக் குடு."

"சார்ஜ் இல்லக்கா."

டிராயர் அதிர்ந்தது.

"செத்த போன் நல்லாத்தான் ஆடுது," என்றபடி அக்காவே அதை வெளியே எடுத்தார். திரையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

குட்டையண்ணனின் பெயர். இடம்: லிஃப்ட் குழி இருந்த அதே கட்டடம்.

"இவர் கணக்கை நீ மூடலையா?"

"அன்னிக்கே மூடிட்டேன்க்கா."

கணினியில் பார்த்தார். மூடித்தான் இருந்தது. போனில் 'நிராகரி' என்பதை அழுத்தினார்.

மறுபடி அதிர்ந்தது. இடம்: எங்கள் அலுவலகம், கீழ்த்தளம்.

'நிராகரி.'

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மேலே ஏறும் சத்தம். நிற்கும் சத்தம்.

ஏசி காற்றில் கிரீஸ் வாடை.

மூன்றாவது முறை. இடம்: இந்தத் தளம்.

"அழுத்தாதே," என்று அக்கா முணுமுணுத்தார்.

எனக்கு அலுத்துவிட்டது. பதினாறு நாளாக ஒழுங்காகத் தூங்கவில்லை.

"அன்னிக்கும் மூணு தடவைதான்க்கா கேட்டாரு."

அக்கா என்னையே பார்த்தார். "நீ முழிச்சிருந்தேன்னுதானே எழுதிக் குடுத்தே?"

"தூங்கிட்டேன்க்கா."

அவர் கையிலிருந்து போனை வாங்கினேன். 'அனுமதி' அழுத்தினேன்.

கதவின் சிவப்பு விளக்கு பச்சையானது. கதவு அகலத் திறந்தது. வெளியே காவலாளி தலையைக்கூடத் தூக்கவில்லை.

யாரும் வரவில்லை.

ஒரு ஆள் நுழைய எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் கதவு திறந்தே நின்றது. பிறகு மெல்லச் சாத்திக்கொண்டு, உள்ளே வந்தவருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது.